சார்மினாரில் எவ்வளவு நேரம் நிற்கும்?

ஜெயம்மாள் அக்காவுக்குக் கோயில் என்றால் உயிர் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. எனக்குத் தெரிந்து அக்காவுக்கு உயிர் பஸ்தான். ஜன்னலோர இருக்கையைக் கொடுத்துவிட்டால் போதும், வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்றுகூடக் கேட்காது. ஆனால் அதை வெளியே சொல்ல முடியுமா? எங்கள் பக்கத்தில் ஒரு பொம்பளை ராத்திரி வெளியூரில் தங்குவதற்கு மூன்றே காரணம்தான் செல்லும்: பிரசவம், சாவு, சாமி. சும்மா ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று ஒருத்தி சொல்லிவிட்டால், நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார்கள். அதனால் அக்கா மதுரையை மீனாட்சி பெயரிலும் மைசூரைச் சாமுண்டி பெயரிலும் பார்த்து முடித்தது. சாமி கும்பிட்ட நேரத்தைவிடக் கடைத்தெருவில் வாய் பிளந்து நின்ற நேரம்தான் அதிகம்.

நான் மணலூர்பேட்டைக் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். பெயர் தங்கமணி. ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் ஜாக்கெட்டை மட்டும் கொண்டு வருவதில்லை. குடும்பத்தையே மடித்து எடுத்துவந்து என் மேசைமேல் போடுவார்கள். அக்கா வீட்டுக் கதை எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அக்காவின் புருஷன் செல்லமுத்து. கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பாதியில் நெல்லும் பாதியில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பும் போடுகிறவர். ஒரே பெண் பாரதி. நர்சிங் படித்துவிட்டு ஐதராபாத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். அங்கே லேபில் வேலை பார்த்த ஜஹாங்கீர் என்ற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, போனில் சொன்னாள். செல்லமுத்து மாமா ஒரு வார்த்தைதான் பேசினார். “எனுக்குப் பொண்ணே பொறக்கல.” அதோடு சரி. சின்னதில் அவளைத் தோளில் உட்கார வைத்து ஆற்றுத் திருவிழா காட்டிய மனுஷன் அவர். பாசம் அவ்வளவு இருந்ததால்தான் வீம்பும் அவ்வளவு என்று எனக்குத் தோன்றும். அவள் பெயரை வீட்டில் சொல்லக் கூடாது, அவளோடு பேசினது தெரிந்தால் அக்காவும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று சாமி படத்தின்மேல் அடித்துச் சொல்லிவிட்டார்.

பாரதி என் போனுக்குக் கூப்பிடுவாள். அக்கா ஊக்கு வைக்க வந்ததுபோல வந்து, துணி மாற்றுகிற திரைக்குப் பின்னால் நின்று பேசும். ஒரு நாள் திரைக்கு வெளியே வந்தபோது முகமே வேறாக இருந்தது.

“தங்கமணி, அது முழுகாம கீதாம். என்னால பாக்காம இருக்க முடியாதுடி.”

அந்த வாரமே அக்கா ஐதராபாத் போகிற டூர் நோட்டீஸ்களை எல்லாம் சேர்க்க ஆரம்பித்தது. இதில் ஒரு சிக்கல். அக்கா தனியாக எங்கும் போக முடியாது. நடவுக் கூட்டத்தோடு போனால்தான் மாமா விடுவார். அக்காதான் ஊரில் நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் சேர்க்கிறது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வயலில் யாராவது ஒருத்தி பின்தங்கிவிட்டால், முன்னால் முடித்தவர்கள் திரும்பி வந்து அவள் வரிசையிலும் கை வைப்பார்கள். எல்லோரும் ஒன்றாகத்தான் வரப்பேற வேண்டும். ஏறுவதற்கு முன்னால் சின்னக்கண்ணு என்கிற பெரியம்மா நின்று தலையெண்ணும். வாய் ஓயாத பொம்பளை, ஆனால் எண்ணும்போது மட்டும் வாயை மூடிக்கொள்ளும்.

ஐப்பசி நடவு முடிந்ததும் கூட்டம் என் கடையில் கூடியது. மூன்று நோட்டீஸையும் நான்தான் படித்துக் காட்டினேன். முதலாவது, கள்ளக்குறிச்சிக் கம்பெனிக்காரர்களுடையது, ரயிலில் கூட்டிப் போவார்கள். ஏசி ரூம், கோட்டை, மியூசியம் எல்லாம் உண்டு. விளக்கிச் சொல்கிற கைடு இந்தியும் இங்கிலீஷும் பேசுவாராம். சார்மினாரை மட்டும் பஸ்ஸில் இருந்தபடியே காட்டுவார்களாம்.

“அவன் சொல்றத நமக்குச் சொல்றதுக்கு இன்னொருத்தன இட்டுக்கினு போவணும். வாணாம், மடி” என்றது சின்னக்கண்ணு பெரியம்மா.

இரண்டாவது, ஒரு பையன் புதிதாக ஆரம்பித்தது. சின்ன வண்டி, கொஞ்சம் பேர். ஐதராபாத்தைத் தவிர வேறு ஊரே இல்லை. பழைய நகரத்துச் சந்துகளில் நடத்தியே கூட்டிப் போய், அத்தர் கடை, ரொட்டிக் கடை, பல பாஷைக்காரர்கள் சேர்ந்து வாழ்கிற தெருக்கள் என்று நாள் முழுக்கக் காட்டுவார்களாம். நான் படிக்கப் படிக்க அக்காவின் கண் பெரிதானது. எனக்கும் அதுதான் பிடித்தது. ஒரு ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நடக்கத்தானே வேண்டும்?

“கோயிலு எங்க கீது இதுல?” என்று யாரோ கேட்டார்கள். நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தேன். எங்குமே இல்லை. சாமி இல்லாத வண்டிக்கு எந்தப் புருஷன் அனுப்புவான்? அதுவும் மடித்து வைக்கப்பட்டது.

மூன்றாவது காசிநாதனுடையது. வருஷா வருஷம் எங்கள் பக்கத்து ஜனங்களை ஏற்றிப் போகிறவர். கூடவே சமையல்காரரும் பாத்திரமும் வரும், நம்ம சோறு, நம்ம குழம்பு. ஸ்ரீசைலத்தில் சாமி தரிசனம், அப்புறம் ஐதராபாத். அங்கே தமிழ் பேசுகிற கைடு ஒருவர் வந்து ஏறிக்கொள்வார். அக்கா அங்கேயே போனைப் போடச் சொன்னது.

“காசிநாதா, சார்மினார்ல எவ்ளோ நேரம் நிக்கும்?”

“ஒரு மணி நேரங்க்கா. வண்டி நிறுத்தவே எடமில்ல அங்க.”

“பத்தாது. மியூசியத்த எடுத்துடு. அந்த நேரத்தையும் இதுல சேரு.”

“மியூசியத்தப் பாக்கத்தான் ஜனங்க அவ்ளோ தூரம் வர்றாங்கோ. மசூதியாண்ட உனுக்கு இன்னாக்கா அவ்ளோ வேலை?”

“வேடிக்கை பாக்கணும்பா. ஒரு மணி நேரத்துல கறியே வேகாது, ஊர எப்பிடிப் பாக்கறது?”

மியூசியத்துக்குக் கூட்டத்தில் யாரும் அழவில்லை. கடைத்தெருவுக்கு அரை நாள் என்றதும் எல்லோர் முகமும் மலர்ந்தது. அக்கா ஏன் அப்படி அடம் பிடித்தது என்று எனக்கும் அதற்கும் மட்டும்தான் தெரியும். பாரதியின் வீடு சார்மினாருக்குப் பின்னால் இருக்கிற சந்துகளில் ஒன்று.

நானும் கிளம்பினேன். ஸ்ரீசைலத்தில் அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டதைப் பார்த்தபோது, முதல் தடவையாக அது உண்மையாகவே வேண்டிக்கொள்கிறது என்று தெரிந்தது.

ஐதராபாத்தில் கைடு தம்பி பச்சைக் கொடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். திருப்பத்தூர்க்காரர், வளர்ந்தது ஐதராபாத்தில். கோல்கொண்டா கோட்டை வாசலில் நிறுத்தி, இங்கே கை தட்டினால் மலை உச்சியில் இருக்கிறவனுக்குக் கேட்கும், எதிரி வந்தால் அப்படித்தான் சேதி சொன்னார்கள் என்றார். எல்லோரும் தட்டினார்கள். சின்னக்கண்ணு பெரியம்மாவுக்குத் தட்டல் போதவில்லை. “ஏய்ய், மோட்டார நிறுத்துடா, வரப்பு ஒடையுது!” என்று வயலில் கத்துகிற மாதிரி ஒரு கத்து கத்தியது. மேலே நின்றிருந்த கூட்டம் மொத்தமும் எட்டிப் பார்த்தது. கைடு தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் சொருகியிருந்த விலாசச் சீட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து சார்மினார். நாலு கோபுரத்தையும் அண்ணாந்து பார்த்து முடித்ததும் கூட்டம் வளையல் தெருவுக்குள் புகுந்தது. அப்படி ஒரு தெருவை நான் பார்த்ததில்லை. புர்கா போட்ட பெண்கள், குங்குமம் வைத்த பெண்கள், வடநாட்டுச் சேட்டம்மாக்கள் எல்லோரும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் ஆட்களுக்குப் பாஷை தெரியாதே என்று பயந்தேன். “ஜாஸ்திபா, ஜாஸ்தி! கம்மி பண்ணு!” என்றார்கள். கடைக்காரருக்கு முழுக்கப் புரிந்தது. அவரும் திருப்பி அதே வார்த்தையைச் சொல்லித் தலையாட்டினார். எங்கள் ஊர் வார்த்தை இங்கே எப்படி வந்தது என்று பெரியம்மா அதிசயப்பட்டது. அங்கிருந்துதான் எங்கள் ஊருக்கு வந்திருக்கும் என்று கைடு தம்பி சொன்னதை அது ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தக் களேபரத்தில் அக்கா நழுவியது. பாரதியின் புருஷன் தெருமுனையில் ஸ்கூட்டரோடு காத்திருந்தான். நான் பின்னால் இருந்து சமாளிப்பது என்று ஏற்பாடு. ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. நாங்கள் இருவரும் டூரைப் பற்றி அவ்வளவு யோசித்தோமே தவிர, கூட்டத்தின் வழக்கத்தை யோசிக்கவே இல்லை.

வண்டிக்கு நேரமாகிவிட்டது, ஏறுங்கள் என்றார் கைடு தம்பி. யாரும் ஏறவில்லை. சின்னக்கண்ணு பெரியம்மா வாயை மூடிக்கொண்டு எண்ணியது.

“ஒரு தல கொறையுது. ஜெயம்மா எங்க?”

“வயிறு சரியில்ல பெரிம்மா. பாத்ரூம் போயிருக்கு, வந்துரும். நீங்க ஏறுங்க” என்றேன்.

“வயித்தப் புடிச்சிக்கினு போறவ எதுக்குடி புதுப் பொடவ கட்டிக்கினு போனா? காலைல இருந்து பாத்துக்கினுதான் கீறேன்.”

கைடு தம்பி கெஞ்சினார். போலீஸ்காரர் வந்து வண்டியை எடுக்கச் சொன்னார். காசிநாதன் போனில் கத்தினார். இருபத்தைந்து பொம்பளைகளும் சேற்றில் நட்டு வைத்த மாதிரி நின்றார்கள். அக்கா வராமல் ஒருத்தியும் படியில் கால் வைக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. வேறு வழியில்லை. பெரியம்மாவை ஓரமாக இழுத்து உண்மையைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்று கையைப் பிடித்தேன்.

பெரியம்மா என் கையை உதறியது. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கோல்கொண்டாவில் கத்திய அதே குரலில், “ஏய், நம்ம பாரதி வூடு இங்கதான் கீதாம்! வாங்கடி!” என்றது. எனக்கு அதன் வாயில் துணியை அடைக்கலாம் போல இருந்தது.

அந்தச் சந்துகளில் நாங்கள் போன கோலத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். முன்னால் பச்சைக் கொடி, கைடு தம்பி என் போனில் இருந்த விலாசத்தைக் காட்டிக் கடைக்குக் கடை உருதுவில் வழி கேட்டுக்கொண்டு போகிறார். பின்னால் வளையல் பைகளோடு நடவுக் கூட்டம். மாடிகளில் இருந்து குழந்தைகள் எட்டிப் பார்த்தன. வெறும் ஊர் சுற்றலாக இருந்திருந்தால் இதுதான் அந்த டூரிலேயே நல்ல பகுதி என்று சொல்லியிருப்பேன். ஆனால், இத்தனை வாய்க்குத் தெரிந்தபின் மாமாவுக்குத் தெரியாமல் போகுமா?

கதவைத் திறந்தவன் ஜஹாங்கீர். உள்ளே ஒரே அறை. கட்டிலில் பாரதி உட்கார்ந்திருக்க, அக்கா தரையில் உட்கார்ந்து அவள் காலை மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது. வாசலில் எங்களைப் பார்த்ததும் அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

“பயப்படாத. ஒன்ன வுட்டுட்டு நாங்க எந்த வரப்புல ஏறுனோம்?” என்றது பெரியம்மா. பிறகு பாரதியைப் பார்த்தது. “இன்னாடி, சொல்லாம கொள்ளாம இவ்ளோ பெரிய வயிறு? எத்தினியாவது மாசம்?”

“ஏழு, பெரிம்மா.”

“வளையல் போட்டாங்களா?”

பாரதி தலையைக் குனிந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜஹாங்கீரின் அம்மா உருதுவில் என்னவோ சொல்ல, அவன் தமிழ்ப்படுத்தினான். பாரதியிடம் கற்ற தமிழ். “எங்க வழக்கத்துலயும் ஏழாம் மாசம் உண்டு. அம்மா செஞ்சாங்க. ஆனா அவங்க சைடு யாரும் வரல, அவ அழுதா.”

பெரியம்மா வேறொன்றும் கேட்கவில்லை. பேத்திக்கு வாங்கிய வளையல் பொட்டலத்தைப் பிரித்து, பாரதியின் கையை இழுத்து, ஒன்று போட்டது. அடுத்தவள் இரண்டு போட்டாள். பெரியது முழங்கை வரை போனது, சின்னது விரல் முட்டியிலேயே நின்றது. சிவப்பு, பச்சை, ஜிகினா, கல் வைத்தது. சந்தனம் இல்லை, பூ இல்லை, யாரோ பையில் இருந்த ஸ்ரீசைலத்துக் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்தார்கள். ஜஹாங்கீரின் அம்மா எழுந்து போய், தன் பெட்டியில் இருந்து ஒரு ஜோடி எடுத்துவந்து தானும் போட்டார். பாரதி விக்கி விக்கி அழுதாள். நானும் அழுதேன். அழாதவர் அந்த அறையில் ஒருத்தரும் இல்லை, கைடு தம்பி உட்பட. அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் கோப்பை வாங்கி ஜஹாங்கீர் டீ கொடுத்தான். பெயர் வாயில் நுழையாமல் எங்கள் ஆட்கள் அவனை ஜாங்கிரி, ஜாங்கிரி என்று கூப்பிட, அவனும் ஒவ்வொரு தடவையும் என்னங்க என்று வந்து நின்றான்.

அப்போதுதான் பெரியம்மா, எந்த வளைகாப்பு முடிந்தாலும் சொல்கிற மாதிரி, பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“சரி, வளையல் போட்டாச்சி. எழுந்திரு கண்ணு, தாய்வூட்டுக்குப் போவலாம்.”

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள். வளையல் போட்டால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பிரசவம் பார்க்க வேண்டும். அழைக்காவிட்டால் அந்தத் தாய்க்கு அதைவிட அவமானம் இல்லை. ஆசையில் போட்டோமே தவிர, அதற்கு அடுத்தது என்ன என்று ஒருத்தியும் நினைக்கவில்லை. அந்தத் தாய்வீட்டு வாசலில் செல்லமுத்து மாமா உட்கார்ந்திருக்கிறாரே. பெரியம்மா தன் வாயிலேயே அடித்துக்கொண்டது. அக்கா எழுந்து மகளின் தலையைத் தடவி, “வரேன் கண்ணு” என்று மட்டும் சொன்னது.

திரும்பி வருகிற வழியில், யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சின்னக்கண்ணு பெரியம்மாவே எல்லோரிடமும் சத்தியம் வாங்கியது. அக்கா வேண்டாம் என்றது. “நீங்க ஏன் பொய் சொல்லணும்? நான் பெத்தவ, நானே சொல்றேன்.”

மணலூர்பேட்டையில் இறங்கியபோது மாமா சைக்கிளோடு நின்றிருந்தார். அக்கா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, எங்கள் எல்லோருக்கும் முன்னாலேயே சொன்னது. “பாரதியப் பாத்தேன். ஏழு மாசம். இவங்கள்ளாம் வளையல் போட்டாங்க. இட்டாரணும்.”

மாமா, “யாரு போட்டாங்களோ அவங்க வூட்டுக்கே இட்டுக்கினு போவச் சொல்லு” என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் திருப்பினார்.

சொல்லி வைத்தாற்போல் பத்துப் பேர், என் வீட்டுக்கு அழைத்து வா, என் வீட்டுக்கு அழைத்து வா என்றார்கள். அக்கா கேட்கவில்லை. “அடுத்தவங்க வூட்டுல கொண்டாந்து எதுக்குப் போடணும்? தாயி எங்க கீறாளோ அதான் தாய்வூடு. நான் போறேன்.” மார்கழியில், களையெடுப்பு மும்முரத்தில், ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. அக்காவின் வரிசையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கூட்டம் சொல்லிவிட்டது. மாமா தடுக்கவும் இல்லை, வழியனுப்பவும் இல்லை, வயலில் நின்றார். வாழ்நாளில் கூட்டமில்லாமல் பஸ் ஏறாத பொம்பளை. சென்னையில் ரயிலுக்கு மாற வேண்டும், பாஷை தெரியாது, முன்னால் கொடி பிடிக்க ஆள் கிடையாது.

“பயமா இல்லியாக்கா?” என்றேன் பஸ் ஸ்டாண்டில்.

“பயமாத்தான் கீது” என்று சொல்லிக்கொண்டே ஏறியது.

தையில் பெண் குழந்தை பிறந்தது. அக்கா எனக்குத்தான் போன் செய்தது, நான் ஊருக்கெல்லாம் சொன்னேன், ஒருவரைத் தவிர. அஞ்சாம் தேதி ஆற்றுத் திருவிழா. கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. பொம்பளைகள் தையல் கடைப் பக்கமே திரும்பாத செல்லமுத்து மாமா, கூட்டத்துக்குள் இருந்து வந்து என் வாசலில் நின்றார். தோளில் துண்டு மட்டும்தான் இருந்தது. எனக்கு அந்தத் தோளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“கொழந்த பொறந்துடிச்சாமே. ஊரே பேசுது, எங்கிட்ட யாரும் சொல்லல.”

“நீங்க யாரையும் சொல்ல வுடலியே மாமா.”

மாமா வாசலை விட்டு நகரவில்லை. நான் போனைப் போட்டு, அக்கா எடுத்ததும், மாமா நிற்கிறார் என்று சொல்லி அவர் கையில் கொடுத்தேன். துண்டால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறு காதில் வைத்தார். பிறகு, “யாரு மாதிரி கீது?” என்றார்.

அக்காவுக்கு வயல்காட்டுக் குரல். திருவிழாச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. “அத நான் எதுக்குச் சொல்லணும்? கண்ணு கீறவரு வந்து பாக்கறது!” அக்கா போனை வைத்துவிட்டது.

மாமா போனைத் திருப்பித் தந்தார். எனக்கும் வீம்பு இருக்கிறதே. “மாசில சிவராத்திரிக்குக் காசிநாதன் வண்டி ஸ்ரீசைலம் போவுது மாமா. அப்பிடியே ஐதராபாத்தும் போவும். ஊர்ல கேட்டா கோயிலுக்குன்னு சொல்லிக்கலாம்” என்றேன்.

“கோயிலு எங்கியும் ஓடிடாது. நேராப் போற ரயிலு எதுன்னு பாரு.”

“யாராச்சும் கேட்டா இன்னான்னு சொல்லட்டும்?”

“இன்னா சொல்றது? பேத்தியப் பாக்கப் போயிருக்காருன்னு சொல்லு” என்றார்.